பள்ளி விட்ட பிறகு: ஒரு படிப்பு மையத்தை நடத்தும் விதம்

நான் ஆசிரியை இல்லை. ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். 11 வருடமாக மாலை நேரத்தில் ஒரு படிப்பு மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தொடங்கியபோது பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். இப்போது சேருகிறவர்கள் ஆன்ட்டி என்கிறார்கள். அதைத் தவிர பெரிய குறை ஒன்றும் இல்லை.

இந்த மாதிரி ஒரு மையம் தொடங்க வேண்டும் என்று யாராவது ஒருவர் யோசனை கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். இடம் எவ்வளவு பெரிதாக வேண்டும், எத்தனை மேசை, கம்ப்யூட்டர் வாங்கலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதெல்லாம் அப்புறம். மழை ஒழுகாத ஒரு அறை, நல்ல வெளிச்சம், ஒரு கழிப்பறை, குடிதண்ணீர் இருந்தால் போதும். இந்த மையம் என்னத்துக்கு என்பதை முடிவு செய்வதுதான் கஷ்டம். பள்ளியில் நடந்ததை மாலையில் இன்னொரு தடவை நடத்துவதற்கா? அப்படியென்றால் வேண்டாம். காலையில் ஆறு மணி நேரம் கேட்டுப் புரியாதது, களைத்துப் போன பிறகு ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடாது.

எனக்கு இது தெரிய ஒரு வருடம் பிடித்தது. அந்த முதல் வருடம் நாங்கள் நடத்தியது வீட்டுப்பாடத் தொழிற்சாலை. பிள்ளைகள் வருவார்கள், நோட்டைத் திறப்பார்கள், நாங்கள் சொல்லிக்கொடுப்போம், எழுதிவிட்டுப் போவார்கள். நோட்டு முழுக்க டிக். பெற்றோருக்குச் சந்தோஷம். பள்ளியிலும் திட்டு நின்றது. வருடக் கடைசியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கணக்கைக் கொண்டுவந்தான். ஒரு எண்ணோடு 27-ஐக் கூட்டினால் 52, அந்த எண் என்ன? 27-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், அப்போது குறி மாறும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. 52-இல் 27 போக என்று சரியாக எழுதி, விடை 35 என்று போட்டிருந்தான்.

“இது எப்படிப்பா வந்துச்சு?” என்றேன்.

“ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு.”

துளித் தயக்கம் இல்லை. 61-இல் 38 போகச் சொன்னேன். 37 என்றான். எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பெரியதிலிருந்து சின்னதை எடுத்துவிடுவான். மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ ஒட்டிக்கொண்ட பழக்கம். எட்டாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் கண்ணெதிரேயே ஒரு வருடம் இருந்தது, எங்களுக்கும் தெரியவில்லை. அவன் தப்பாகப் போட்டபோதெல்லாம் நாங்கள் சரியான விடையைச் சொல்லி, அழித்து எழுத வைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா?

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்று இரண்டு பேர் பிள்ளைகளின் இந்த மாதிரிக் கழித்தல் பிழைகளைத்தான் ஆராய்ந்து 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தப் பிழைகளில் நிறைய கவனக்குறைவால் வருவதில்லை. பிள்ளை ஒரு தப்பான விதியை ரொம்ப ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன. அப்படியென்றால் அடுத்து எந்தத் தப்பான விடை வரும் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். 61-இல் 38 என்று நான் கேட்டபோது 37-க்காகத்தான் காத்திருந்தேன். வந்தது.

மறுநாள் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் அவன் முன்னால் வைத்தேன். 27 கொடு என்றேன். இரண்டு கட்டு கொடுத்தான். இரண்டு உதிரியையும் கொடுத்தான். அப்புறம் கை நின்றுவிட்டது. “இன்னும் அஞ்சு வேணுமே” என்று தனக்குத்தானே சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. (இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.) கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு கட்டப் பிரிச்சுக்கலாமா?” என்று கேட்டான். பிரித்தான், ஐந்தைக் கொடுத்தான், மிச்சத்தை எண்ணினான். இரண்டு கட்டு, ஐந்து உதிரி. தன் நோட்டில் இருந்த 35-ஐயே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

எட்டாம் வகுப்பு ஆசிரியர் வகுப்பை நிறுத்திவிட்டு இதற்கு உட்கார முடியாது. அவருக்குப் பாடத்திட்டம் ஓட வேண்டும். மையத்துக்கு எந்தப் பாடத்திட்டமும் கிடையாது. நம்மிடம் இருக்கும் ஒரே வசதி அதுதான், அதை வீட்டுப்பாடத்தில் தொலைத்துவிடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் பாடமே வேண்டாம்

புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். வாசிப்புக்கு ஒரே ஒரு தாள். அதில் எழுத்துகள், சின்னச் சின்னச் சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. பத்தியில் தொடங்குங்கள். தடங்கல் இல்லாமல் வாசித்தால் கதைக்குப் போங்கள். திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள். அதுவும் வரவில்லையென்றால் எழுத்துகள். கணக்குக்கும் இதே ஏணிதான்: ஒற்றை இலக்க எண், இரட்டை இலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ‘அசர்’ ஆய்வு இந்திய கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது ஏறக்குறைய இப்படித்தான். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மொழியில் அரை நாளில் இப்படி ஒரு தாள் தயாரித்துவிடலாம்.

பரிட்சை என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள். “நான் உனக்கு எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு தெரியணும், கொஞ்சம் வாசிச்சுக் காட்டுறியா?” போதும். மற்றப் பிள்ளைகள் காதில் விழாத தூரத்தில் உட்காருங்கள். பதினான்கு வயதுப் பிள்ளை இரண்டாம் வகுப்புக் கதையில் தடுமாறுவதை இன்னொருவர் கேட்டுவிட்டால் அது மறுநாள் வராது.

அந்தப் பத்து நிமிடத்தில் படிப்புக்குச் சம்பந்தமில்லாததும் தெரியவரும். ஒரு சிறுமி தாளை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ஒழுங்காகவே வாசித்தாள். ஆனால் சுவரில் இருந்த காலண்டரில் இன்று என்ன தேதி என்று கேட்டால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பள்ளியில் போர்டில் எழுதியதைத் தோழியின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தாளாம், ரொம்ப நாளாக. அவளுக்குத் தேவைப்பட்டது கண்ணாடி. ஒரு மாதம் அவளுக்குத் தனியாகப் பாடம் எடுத்திருந்தால் நாங்கள்தான் முட்டாள்கள். காது, கண், எழுத்துகள் இடம் மாறித் தெரிகிறது என்று சொல்லும் பிள்ளை, சொல்லுக்குச் சொல் ஊகித்து வாசிக்கும் பிள்ளை – இதற்கெல்லாம் நீங்களே பெயர் வைக்காதீர்கள். பெற்றோரிடம் நேரில் சொல்லி, பார்க்க வேண்டியவரிடம் அனுப்புங்கள்.

பிறகு குழு பிரிப்பது. வகுப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள், இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள். 2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் நடத்திய பாலசகி திட்டத்தில், பின்தங்கிய பிள்ளைகளை அந்தந்தப் பகுதி இளம்பெண்கள் தனியாக உட்காரவைத்து அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிப்படிப்பு முடித்து, கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தவர்கள்தான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அதை முறையாக ஆராய்ந்தபோது பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. அந்த இருவருக்கும் மைக்கேல் கிரேமருக்கும் 2019-இல் பொருளாதார நோபல் கிடைத்ததன் பின்னால் இதுபோன்ற கள ஆய்வுகள் நிறைய உண்டு. “எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதே” என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நிலை வாரியாகப் பிரித்தால் பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டிவருமே, கூச்சப்பட மாட்டார்களா? படுவார்கள். அதனால் பெரியவர்களுக்கு நாங்கள் ஒரு வேலை கொடுத்துவிடுவோம். கடன் வாங்கிக் கழிப்பதை இன்று கற்ற பையன், நாளைக்கு அதே குச்சிக் கட்டோடு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அவன் அண்ணன், உதவிக்கு வந்தவன். சொல்லிக்கொடுக்கிற சாக்கில் அவனுக்கும் ஒரு தடவை பழகிவிடும்.

ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும்

வந்ததும் தண்ணீர் குடிக்கட்டும், கொஞ்சம் கத்தட்டும். அதற்குப் பிறகு பத்து நிமிடம் வெற்றுத்தாள். புத்தகத்தைத் திறக்காமல், இன்று பள்ளியில் நடந்ததில் ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். முதல் வாரம் “ஒன்றும் ஞாபகம் இல்லை” என்றே நிறைய தாள்கள் வரும். வரட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவில் சேர்க்க வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்கு எனக்குத் துணை. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். சத்தம் போட்டு பத்துத் தடவை வாசித்தால்தான் மண்டையில் ஏறும் என்று நம்புகிற பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம்புவதில்லை. தாளைக் காட்டினால் நம்புகிறார்கள்: இரண்டு மாதத்துக்கு முன் மூன்று வரி, இப்போது ஒரு பக்கம்.

அடுத்த நாற்பது நிமிடம் நிலை வாரிக் குழு. இதில் யாரும் கை வைக்கக் கூடாது, நாளைக்குப் பள்ளியில் பரிட்சை என்றாலும். பிறகு அரை மணி நேரம் வீட்டுப்பாடம். கடைசிப் பத்து நிமிடம் யாராவது ஒருவர் கதை வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கேள்வி கிடையாது, சொற்பொருள் கிடையாது. இதை நேர விரயம் என்று நினைத்து ஒரு தடவை நிறுத்திப் பார்த்தோம். பாதிப் பேர் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பத் தொடங்கிவிட்டார்கள், அதனால் திரும்பக் கொண்டுவந்தோம்.

வீட்டுப்பாட நேரத்தில் எங்களுக்கு ஒரே கட்டுப்பாடு. பென்சில் பிள்ளை கையில் இருக்க வேண்டும். நாம் கேட்கலாம்: கேள்வி என்ன சொல்லுது, உனக்கு எது தெரியும், எந்த இடத்துல நின்னே? அரை மணியில் முடியவில்லையா, அப்படியே நிறுத்தி நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதுவோம்: ‘மூன்று கணக்கு தானாகப் போட்டாள், நான்காவதில் பின்னத்தில் நின்றாள்.’ முடிந்த வீட்டுப்பாடத்தைவிட அந்த ஒரு வரி ஆசிரியருக்கு உபயோகம். அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்தது மூன்றாவது வருடத்தில்தான்.

பள்ளியோடு எப்படிப் பழகுவது

ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் இரண்டு வருடம் எங்களை உள்ளேயே விடவில்லை. டியூஷன் நடத்துகிறவர்கள், ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். தப்பு எங்கள் பக்கமும் உண்டு. முதல் தடவை போனபோது, உங்கள் பிள்ளைகளில் இத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று ஒரு பட்டியலோடு போய் நின்றேன். யார் தாங்கிக்கொள்வார்கள்?

இப்போது போனால் இரண்டே இரண்டு விஷயம் கேட்கிறேன். அடுத்த மாதம் என்ன பாடம் வருகிறது? நீங்கள் எந்த முறையில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? இரண்டாவது கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் நிறையத் தலைவலியைத் தவிர்க்கும். கழித்தலிலேயே பாருங்கள். மேலே இருக்கும் எண்ணில் ஒரு பத்தைப் பிரித்துக் கழிப்பது ஒரு முறை. மேலேயும் கீழேயும் பத்தைக் கூட்டிக்கொண்டு கழிப்பது இன்னொரு முறை. இரண்டும் சரி. எங்களிடம் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு ஓய்வுபெற்ற ஐயா இரண்டாவது முறையில் கற்றவர். பள்ளியில் நடப்பது முதலாவது. இரண்டையும் பாதிப் பாதி கலந்து ஒரு பிள்ளை போட்ட கணக்கைப் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. பள்ளி முறையைத்தான் மையமும் பின்பற்ற வேண்டும், நம்முடையது எவ்வளவு சுலபமானாலும்.

இன்னொன்று. பிள்ளைகள் முன்னால் அவர்களுடைய ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். “உங்க டீச்சர் இதைக்கூடச் சொல்லித்தரலையா?” என்பது வாயில் சட்டென்று வந்துவிடும். அந்தப் பிள்ளை மறுநாள் காலை அதே டீச்சர் முன்னால் போய் உட்கார வேண்டும்.

பெரிய பிள்ளைகள்

பதினைந்து வயதுக்கு மேல் வருகிறவர்களுக்கு வேறு தேவை. நிறையப் பேருக்குப் பாடம்கூட வேண்டாம்; யாரும் கூப்பிடாத, டிவி ஓடாத ஒரு மூலை வேண்டும். ஒரு மேசையை அவர்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பக்கத்தில் போய் நின்று எட்டிப் பார்க்காதீர்கள்.

கம்ப்யூட்டர் இருந்தால் அதைப் பாடம் நடத்தப் பயன்படுத்தாமல் அவர்கள் ஏதாவது செய்து பார்க்கக் கொடுங்கள். 1993-இல் பாஸ்டனில் தொடங்கிய ‘கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்’ அந்த வழியில் போனது: பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த விளையாட்டையோ படத்தையோ இசையையோ தாங்களே உருவாக்குவார்கள், பெரியவர்கள் கூட இருந்து கைகொடுப்பார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மிட்செல் ரெஸ்னிக்கின் குழுதான் பிற்பாடு ஸ்கிராட்ச் நிரல்மொழியைச் செய்தது. எங்களிடம் இரண்டு பழைய கம்ப்யூட்டர்தான். இரண்டு பேருக்கு ஒன்று என்று உட்காருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஏதோ செய்கிறார்கள். நான் தலையிடுவதில்லை.

அவர்களுக்கு நாம் செய்யும் பெரிய உதவி ரொம்ப அலுப்பான வேலைதான்: விண்ணப்பங்கள். உதவித்தொகை, மேற்படிப்பு, தொழிற்பயிற்சி, எதுவானாலும் கடைசித் தேதியைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் போட்டு, எல்லாச் சான்றிதழிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள். பெயரில் ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக ஒரு பெண் ஒரு வருடத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் நாங்கள் ஃபைலைத் திறந்தோம். எங்கள் தப்பு.

சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள்

வாரம் ஆறு நாளும் வருகிறேன் என்று உற்சாகமாகச் சொல்பவரைக் கண்டால் எனக்குப் பயம். ஒரு மாதத்தில் காணாமல் போய்விடுவார். வாரம் இரண்டு நாள், ஆனால் அதே இரண்டு நாள், அதே குழு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் என்று கேளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் அருமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அவர்களுடைய பரிட்சையும் பள்ளிப் பரிட்சையும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் வந்து தொலைக்கும். நமக்கு ஆள் தேவைப்படும்போது ஆள் இருக்காது. அந்த மாதத்துக்கென்றே வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களை, வீட்டிலிருப்பவர்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஆள் இல்லையென்றால் பிள்ளைகளைக் குறையுங்கள், வரிசையில் காத்திருக்கச் சொல்லுங்கள். மனசு கேட்காதுதான். அறுபது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பேர் சத்தம் போட்டு அடக்கிக்கொண்டிருந்த மாதங்கள் எனக்கு உண்டு. அந்த மாதங்களில் யாரும் எதுவும் கற்கவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் எங்களிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது. எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கு மையம் இல்லை. கதவு திறந்தே இருக்கும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் உட்காரக் கூடாது. வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதுகூட எல்லோர் கண்ணிலும் படும் மூலையில்தான். வந்த நேரம், போன நேரம், யாரோடு போனது, மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளைப் போட்டோ எடுக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவரிடம் இதையெல்லாம் முதல் நாளே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே வாசிப்பு ஏணியை மறுபடி எடுத்துப் பாருங்கள், வேறு கதை, வேறு கணக்கு போட்டு. மேலே ஏறியவரைக் குழு மாற்றுங்கள். ஏறாத பிள்ளை இருந்தால் முதலில் வருகைப் பதிவேட்டைத் திறங்கள். பாதி நாள் வரவில்லை என்று தெரியும். அப்போது போய்ப் பார்க்க வேண்டியது வீட்டை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள். எங்களிடம் ஒரு பெண் தன் மூன்று வயதுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். அவன் குச்சிக் கட்டுகளையெல்லாம் பிரித்துப் போடுவான், திரும்பக் கட்டுவது என் வேலை.

கடைசியாக, சாவி. இரண்டு பேரிடம் இருக்கட்டும். நான்காவது வருடம் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. பிள்ளைகள் முக்கால் மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனார்களாம். மறுநாள் வந்தவர்கள் பாதிப் பேர்தான். பழையபடி எல்லோரும் வர மூன்று வாரம் ஆனது. இப்போது இன்னொரு சாவி பக்கத்து வீட்டு அண்ணியிடம் இருக்கிறது.